விலைக்கு வாங்கிய தாத்தா

சிவபாண்டியின் வீட்டுக்கு முதல் தடவை வருகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு நிமிர்ந்ததும் கேட்கிற கேள்வி ஒன்றுதான். "இது யாரு, உங்க தாத்தாவா?"

ஆனையூரில் அவர் கட்டிய சின்ன வீட்டின் ஹாலில், டி.வி.க்கு மேலே அந்தப் படம் தொங்கியது. கறுப்புக் கோட்டும் தலைப்பாகையும் முறுக்கிய மீசையுமாக ஒரு பெரியவர் பிரம்பு நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் ஒரு வட்ட மேசை, அதன்மேல் ஒரு டைம்பீஸ். முதுகுக்குப் பின்னால் மாடிப்படியும் பூந்தோட்டமும் வரைந்த திரை.

"தாத்தா இல்ல. யாருன்னே தெரியாது. பழைய இரும்புக் கடையில வாங்குனேன்" என்று சிவபாண்டி சந்தோஷமாகச் சொல்வார். கேட்டவர் முகம் போகிற போக்கைப் பார்க்கச் சகிக்காமல் அவர் மனைவி பாண்டிச்செல்வி காப்பி போடும் சாக்கில் அடுப்படிக்குள் போய்விடுவாள்.

சிவபாண்டிக்கு ஒரு ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை. நாளெல்லாம் அடுத்தவர் எலும்பைப் படம் பிடித்துவிட்டு வருகிற மனுஷர் வீட்டுக்கு வந்ததும் அடுத்தவர் முகத்தைப் பார்க்க ஆசைப்படுவதில் என்ன தப்பு என்று அவரே தனக்கு நியாயம் சொல்லிக்கொள்வார். ஊரில் மற்றவர்கள் பொம்மையும் கோப்பையும் அடுக்குகிற கண்ணாடி அலமாரியில் அவர் கேமராக்களை அடுக்கியிருந்தார். சோப்புப் பெட்டி மாதிரி ஒன்று. துருத்தியை இழுத்து விரிக்கிற மடக்குக் கேமரா ஒன்று. இரண்டு கண்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, மேலிருந்து குனிந்து பார்க்கிற ஜெர்மன் கேமரா ஒன்று. ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஒவ்வொன்றாக வெளியே எடுப்பார். விசையை அழுத்தி, காதோடு ஒட்டிவைத்து, உள்ளே 'டிக்' என்று திரை திறந்து மூடுகிற சத்தத்தைக் கண்ணை மூடிக் கேட்பார்.

"என் பேச்சை என்னைக்காவது இப்படிக் காது குடுத்துக் கேட்டிருக்கீங்களா?" என்பாள் பாண்டிச்செல்வி.

அவளும் அந்தக் கேமராக்களை வெறுக்கவில்லை. ஒரு ஆயுத பூஜைக்கு அத்தனையையும் துடைத்து வரிசையாக வைத்து, சந்தனம் குழைத்து, ஒவ்வொன்றின் லென்ஸ் கண்ணாடிக்கும் நட்டநடுவில் ஒரு பொட்டு வைத்து, அதன்மேல் குங்குமமும் வைத்துவிட்டாள். சிவபாண்டி அதைத் துடைத்தெடுத்து முடிக்கிற வரைக்கும் யாரோடும் பேசவில்லை. கேட்டதற்கு அவள் சொன்ன பதில் இன்றைக்கும் சொந்தக்காரர்கள் மத்தியில் பிரபலம்: "சாமிக்கு நெத்தியில வைப்போம். இதுக்கு நெத்தி எங்க இருக்குன்னு நான் கண்டேனா? நடுவுல வச்சேன்."

கோட்டுப் பெரியவர் தனியாக வந்தவர் அல்ல. பழங்காநத்தத்தில் பழைய இரும்புக் கடை வைத்திருக்கும் விருமாண்டியிடம் ஒரு கட்டாக ஏழு படங்கள் கிடைத்தன. எப்போதோ மூடிப்போன ஏதோ ஒரு ஸ்டுடியோவில் ஆள் வந்து வாங்கிக்கொள்ளாமல் விட்ட படங்கள். அவற்றில் கறை படியாத ஒன்றைச் சட்டம் போட்டு மாட்டினார். மீதி ஆறும் கட்டிலுக்கு அடியில் டிரங்குப் பெட்டிக்குள் போயின. பூச்சி அரிக்கக் கூடாதென்று வருஷத்துக்கு ஒரு தடவை மொட்டை மாடியில் பாய் விரித்து அவற்றை நிழலில் ஆற்றுவது பாண்டிச்செல்வியின் வேலை. போன தடவை ஆற்றும்போது அவள் முணுமுணுத்தாள்: "எல்லாப் பயலுக்கும் ஒரே கோட்டு, ஒரே மீசை. என்னமோ கூடப் பொறந்த அண்ணன் தம்பி மாதிரி." சிவபாண்டி அப்போது பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு பழைய படங்களுக்கு வருகிற மாதிரி காகிதத்தின் ஓரத்தில் வெள்ளி பூத்துப் பளபளக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். அவள் சொன்னது காதில் விழுந்தது, உள்ளே போகவில்லை.

இந்தச் சமயத்தில்தான் மகள் இசைவாணியின் கல்யாணப் பேச்சு வந்தது.

மாப்பிள்ளையை அவளே பார்த்துவிட்டாள். சூரியபிரகாஷ் அவளோடு கல்லூரியில் படித்தவன். இப்போது சோலார் பம்பு கம்பெனியில் இன்ஜினியர். ஊர் சோழவந்தான், அப்பாவுக்கு வெற்றிலைக் கொடிக்கால். "ஆளு நல்லா இருப்பானா?" என்று அம்மா கேட்டதற்கு, "காது மட்டும் கொஞ்சம் பெருசு. பழகிரும்" என்றாள் மகள். இரண்டு வீட்டிலும் முதலில் கேட்டது ஒரே கேள்வி: அவர்கள் கும்பிடுகிற சாமி எது? குலதெய்வம் ஒன்றாக இருந்தால் பங்காளி. பங்காளி வீட்டில் பெண் எடுத்தால் அண்ணன் தங்கைக்குக் கல்யாணம் செய்த மாதிரி. நல்லவேளை, இரண்டு வீட்டுச் சாமியும் வேறு வேறு. மாப்பிள்ளையின் அப்பா சுருளி அன்றைக்கே போன் போட்டு, "மச்சான், ஞாயித்துக்கிழமை வாரோம்" என்றார். முகம் பார்க்குமுன் மச்சான் என்று கூப்பிட்ட மனுஷரைச் சிவபாண்டிக்கு உடனே பிடித்துவிட்டது.

பாண்டிச்செல்விக்குக் கவலை வேறு. அவள் சனிக்கிழமையே கேமராக்கள் அத்தனையையும் படுக்கையறைக்குள் கொண்டுபோய்ப் போர்வையால் மூடினாள். அலமாரியில் டம்ளர்களை அடுக்கினாள். சுவர்ப் படத்தைக் கழற்றினால் அந்த இடத்தில் சுண்ணாம்பு வெளுத்துத் தெரிந்தது. ஆகவே படத்தை மறுபடி மாட்டி, சந்தனப் பொட்டு வைத்து, குங்குமம் வைத்து, மல்லிகைச் சரமும் போட்டுவிட்டாள். பிறகு கணவரைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள்.

"யாராச்சும் கேட்டா எங்க பெரியவுகன்னு சொல்லுங்க. ஊரான் தாத்தாவ விலைக்கு வாங்குனேன்னு சொன்னீங்க, கிறுக்கு வீட்டுலயா பொண்ணு எடுக்கிறதுன்னு எந்திரிச்சுப் போயிருவாக. அம்புட்டுத்தான் சொல்வேன்."

சிவபாண்டி தலையாட்டினார். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர். ஒரே ஒரு பொய்தானே என்று நினைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். சுருளி வாசலில் நுழைந்ததுமே வீடு நிறைந்துவிட்டது. அப்படி ஒரு குரல். மனைவி சீனியம்மாள் அதிகம் பேசாதவள். கூடை நிறைய வெற்றிலை கொண்டுவந்திருந்தாள். சூரியபிரகாஷ் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தான். பின்னால் இருந்து வெயில் அடித்ததில் அவன் காது இரண்டும் செம்பருத்திப் பூ மாதிரி சிவந்து தெரிந்தன. இசைவாணி காப்பித் தட்டோடு வந்து அதைப் பார்த்துவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"மருமகளே, காப்பி பிரமாதம்" என்றார் சுருளி. பாண்டிச்செல்வியைத் தங்கச்சி என்றார். பேச்சு மழை, வைகைத் தண்ணீர், வெற்றிலை விலை என்று சுற்றிச் சாமிக்கு வந்தது. தன் குலதெய்வத்தைப் பற்றிப் பெருமையாகச் சொல்லச் சிவபாண்டிக்கு ஒரு விஷயம் இருந்தது. அவர்கள் சாமி பிடிமண் சாமி. பாட்டன் பூட்டன் காலத்தில் வடக்கே இருந்த பெரிய கோயிலிலிருந்து ஒரு பிடி மண் எடுத்துவந்து, உசிலம்பட்டிப் பக்கம் வைத்துக் கும்பிட ஆரம்பித்தார்களாம். சுருளி தலையாட்டிக்கொண்டே கை கழுவ எழுந்தார். டி.வி. பக்கம் திரும்பியவர் அப்படியே நின்றுவிட்டார்.

"இது யாரு?"

பாண்டிச்செல்வியின் பார்வை கணவர் மேல் பாய்ந்தது.

"எங்க பெரியவுக" என்றார் சிவபாண்டி.

சுருளி படத்துக்குப் பக்கத்தில் போனார். கோட்டைப் பார்த்தார், மீசையைப் பார்த்தார், டைம்பீஸைப் பார்த்தார். திரும்பியபோது அவர் கண்ணில் தண்ணீர்.

"இது எங்க தாத்தா. அவரு பேருதான் எனக்கு. எங்க வீட்டு ஹால்ல இதே படம் தொங்குது."

பிறகு அவர் சொன்ன கதை சிவபாண்டியின் பிடிமண் கதையோடு அப்படியே பொருந்தியது. சுருளியின் தாத்தாவுக்குக் காளை என்று ஒரு தம்பி இருந்தாராம். கொடிக்கால் பங்கில் சண்டை போட்டுக்கொண்டு, கோயிலிலிருந்து ஒரு பிடி மண்ணைத் துண்டில் முடிந்துகொண்டு தெற்கே போனவர் திரும்பி வரவே இல்லை. தாத்தா சாகிற வரைக்கும் தம்பி பேரைச் சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் வம்சம் எங்கேயோ இருக்கிறது என்று சுருளியின் அப்பாவும் தேடினார், கிடைக்கவில்லை. பிடிமண் போன இடத்தில் சாமி பேர் மாறிப்போயிருக்கும், அதனால்தான் வேறு சாமி என்று நினைத்துவிட்டோம் என்றார். சண்டை போட்டுப் போனாலும் அண்ணன் படத்தை எடுத்துப்போய் வைத்து, பூப்போட்டுக் கும்பிட்டிருக்கிறானே என்று சுருளி குலுங்கினார். அடுத்த நிமிஷம் சிவபாண்டியை இழுத்து நெஞ்சோடு கட்டிக்கொண்டார்.

"தம்பி" என்றார்.

சிவபாண்டிக்கு மூச்சு முட்டியது. கட்டிப்பிடித்ததனால் மட்டும் இல்லை. சற்று முன்வரை மச்சானாக இருந்தவர் அவர்.

சீனியம்மாள்தான் முதலில் வாய் திறந்தாள். "அப்ப இதுக ரெண்டும்?"

சூரியபிரகாஷ் கையிலிருந்த காப்பி டம்ளரைக் கீழே வைத்தான்.

அதற்குப் பிறகு உண்மையைச் சொல்வது கிணற்றில் விழுந்தவன் நீச்சல் படிக்கிற கதையாகிவிட்டது. அது தன் தாத்தா இல்லை, கடையில் வாங்கியது, பிடிமண் சாமி நூறு வீட்டில் உண்டு என்று சிவபாண்டி மன்றாடினார். பாண்டிச்செல்வி, பொட்டு வைத்ததும் பூப்போட்டதும் தான்தான், பொய் சொல்லச் சொன்னதும் தான்தான் என்றாள். சுருளி இருவரையும் பரிதாபமாகப் பார்த்தார். பிள்ளைகள் ஆசைப்பட்டுவிட்டதற்காகப் பெற்றவர்கள் தாத்தாவையே இல்லை என்று சொல்வதாக அவருக்குப் பட்டது.

"தம்பி, எவனாச்சும் அடுத்த வீட்டுத் தாத்தாவ விலைக்கு வாங்குவானா?"

சிவபாண்டி போர்வையை விலக்கிக் கேமராக்களைக் காட்டினார். இதற்கும் தாத்தாவுக்கும் என்ன சம்பந்தம் என்று சுருளிக்குப் புரியவில்லை. கடைசி அஸ்திரமாகப் பழங்காநத்தத்துக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். "விருமாண்டி, நீ எனக்கு ஒரு கோட்டுக்காரர் படம் குடுத்தேல்ல, அந்தப் படத்துச் சொந்தக்காரங்க இங்க வந்திருக்காங்க. நீ குடுத்தன்னு சொல்லு" என்றார். சொந்தக்காரர் என்ற வார்த்தையைக் கேட்டதும் விருமாண்டி திருட்டுச் சாமான் விசாரணை என்று முடிவு கட்டிவிட்டார்.

"அண்ணே, நான் படமெல்லாம் வாங்குறதே இல்லண்ணே. இரும்பு மட்டுந்தான். நீங்க யாருன்னே எனக்குச் சரியாத் தெரியலண்ணே."

போன் கட்டாயிற்று.

புறப்படும்போது சுருளிக்குப் போக மனசே இல்லை. தொலைந்துபோன ரத்தம் கிடைத்த சந்தோஷமும், மகன் முகத்தைப் பார்த்தால் வருகிற வேதனையும் மாறி மாறி அவரை அலைக்கழித்தன. இசைவாணியின் தலையில் கை வைத்தார். "வாரேன் மகளே" என்றார். வந்தபோது மருமகளே, போகும்போது மகளே. அந்த ஒரு சொல்லில் கல்யாணம் முறிந்துவிட்டது. அதுவும் எத்தனை பாசமாக.

இசைவாணி அழவில்லை. தட்டுகளை எடுத்து வைத்துவிட்டு வந்து அப்பாவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"பிரகாஷை நான் இனிமே அண்ணன்னு கூப்பிடணுமாப்பா?"

சிவபாண்டி எழுந்தார். கட்டிலுக்கு அடியிலிருந்து டிரங்குப் பெட்டியை இழுத்தார். அட்டைப் பெட்டிகளைக் கொண்டுவந்தார். ஒரு கேமராகூட இந்த வீட்டில் இருக்கக் கூடாது, எல்லாவற்றையும் விருமாண்டி கடையிலேயே போட்டுவிடுகிறேன் என்று ஒவ்வொன்றாக உள்ளே வைக்க ஆரம்பித்தார். ஜெர்மன் கேமராவை மட்டும் துணியில் சுற்றினார், பிரித்தார், மறுபடி சுற்றினார்.

பாண்டிச்செல்வி கொஞ்ச நேரம் வாசல்படியில் நின்று பார்த்தாள். பிறகு உள்ளே வந்து அந்தக் கேமராவைப் பிடுங்கிக்கொண்டாள். "கல்யாணத்துக்கு முன்னாடி இருந்தே இந்தச் சனியன் பிடிச்ச ஆளுதான் நீங்க. தெரிஞ்சுதான் கட்டுனேன். இத வித்துட்டு மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு உக்காந்திருந்தா யாரு பாக்கிறது?" என்றாள். அவரிடம் சண்டை போட வேறு எதுவும் கையில் கிடைக்காமல், டிரங்குப் பெட்டியிலிருந்த படங்களை எடுத்துத் தரையில் விசிறினாள். "எல்லாம் இவனுகளால வந்தது. ஒரே கோட்டப் போட்டுக்கிட்டு."

சிவபாண்டி நிமிர்ந்தார்.

"என்ன சொன்ன?"

"ஒரே கோட்டுன்னேன். எப்பவும் சொல்றதுதான்."

இந்தத் தடவை அது உள்ளே போயிற்று. ஆறு படங்களும் தரையில் கிடந்தன. பூதக்கண்ணாடி இல்லாமலே தெரிந்தது. ஆறு பேர், ஒருவர் ஒல்லி, ஒருவர் தொந்தி, ஒருவருக்கு அம்மைத் தழும்பு. ஆறு பேருக்கும் கோட்டு ஒன்றே. இடது பக்கம் மேலிருந்து இரண்டாவது பட்டன் இல்லாத அதே கோட்டு. அதே தலைப்பாகை. ஆறு டைம்பீஸிலும் மணி பத்தேகால்.

"ஓடாத கடிகாரம்" என்றாள் இசைவாணி மெதுவாக.

சுவரிலிருந்த படத்தை இறக்கிப் பக்கத்தில் வைத்தார் சிவபாண்டி. அதிலும் பட்டன் இல்லை, அதிலும் பத்தேகால். கோட்டும் தலைப்பாகையும் இல்லாமல் வருகிறவர்களுக்கு அந்தக் காலத்து ஸ்டுடியோக்காரர் ஒன்றை வைத்திருந்து மாட்டிவிடுவார் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். நெகட்டிவில் பென்சிலால் தொட்டுத் தொட்டு மீசையைக் கனமாக்குவார்கள் என்பதும் தெரியும். எத்தனையோ பேருக்கு அவரே விளக்கியிருக்கிறார். ஆனால் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தவருக்கு, காகிதத்தில் இருந்த கோட்டு கண்ணில் படவில்லை.

"அப்ப பிரகாஷ் தாத்தாவும் அதே ஸ்டுடியோவுலதான் எடுத்திருக்காரு. சுருளி மாமா பாத்தது மூஞ்சிய இல்ல, கோட்ட" என்றாள் மகள். பிறகு சுவர்ப் படத்தையே உற்றுப் பார்த்தவள் சிரித்துவிட்டாள். அன்றைக்கு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு. "அப்பா, காதப் பாருங்க."

படத்திலிருந்தவருக்குச் சின்னக் காது, கன்னத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. மீசையை வரையலாம். காதை எந்த ஸ்டுடியோக்காரனும் வரைவதில்லை. சுருளிக்கும் அவர் மகனுக்கும் இருக்கிற காது இந்த மனுஷருக்கு ஏழு ஜென்மத்திலும் வராது.

சிவபாண்டி உடனே சட்டையை மாட்டினார். இசைவாணி அவரை உட்கார வைத்தாள். அவள் முகத்தில் சிரிப்பு போய்விட்டிருந்தது.

"அவுக வீட்டுக்கு ஊருல என்ன பேரு தெரியுமாப்பா? கோட்டுக்காரர் வீடு. வெத்தலைக் கூடையில கூட அந்தப் பேருதான் எழுதியிருக்கும். சோழவந்தான்ல மொத மொதக் கோட்டுப் போட்டது எங்க தாத்தான்னு மாமா சொல்லாத நாளே கிடையாதாம்."

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கல்யாணம் நடக்க வேண்டுமானால் சுருளியின் தாத்தா உடம்பிலிருந்து கோட்டைக் கழற்ற வேண்டும். அதையும் அவர் வீட்டு ஹாலிலேயே, அவர் கண் முன்னாலேயே.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கணவனும் மனைவியும் ஏழு படங்களையும் துணிப்பையில் வைத்துக்கொண்டு சோழவந்தான் பஸ் ஏறினார்கள். வழியெல்லாம் சிவபாண்டி எப்படி ஆரம்பிப்பது என்று ஒத்திகை பார்த்தார். பாண்டிச்செல்வி அவர் கையைத் தட்டி, "லெக்சர் குடுத்திராதீங்க" என்று மட்டும் சொன்னாள்.

"வாங்க தம்பி" என்று வாசலுக்கே ஓடிவந்தார் சுருளி. தம்பிக்கென்று விரால் மீன் குழம்பு வைத்திருந்தது. சாப்பிடாமல் எதையும் பேச விடவில்லை. சூரியபிரகாஷ் ஒரு வாரத்தில் இளைத்திருந்தான். வந்தவர்களுக்குத் தண்ணீர் வைத்துவிட்டுத் தூணோரம் போய் நின்றுகொண்டான். ஹால் நடுவில் கோட்டுக்காரர், தலைக்கு மேலே சின்னச் சிவப்பு பல்ப் எரிய, பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். காது இரண்டும் தலைப்பாகைக்கு வெளியே அகலமாக விரிந்திருந்தன.

சாப்பிட்டுக் கை கழுவியதும் சிவபாண்டி எதுவும் சொல்லாமல் ஏழு படங்களையும் பாயில் வரிசையாக வைத்தார். சுருளி குனிந்து பார்த்தார். முதலில் புரியவில்லை. "இதும் தாத்தாவா?" என்றார். அடுத்ததைப் பார்த்தார். "இது யாரு, ஒல்லியா?" பிறகு பேச்சை நிறுத்திவிட்டார். தலை நிமிர்ந்து சுவரைப் பார்த்தது, குனிந்து பாயைப் பார்த்தது, மறுபடி நிமிர்ந்தது. ஆனையூர்ச் சுவரில் தொங்கியவர் காதையும் இங்கே சுவரில் இருக்கிற தாத்தா காதையும் சிவபாண்டி விரலால் சுட்டிக்காட்டியபோது, சுருளியின் கை தானாகத் தன் காதைத் தொட்டுப் பார்த்தது.

"இவரு காளைத் தாத்தா வீட்டு ஆளு இல்ல" என்றார் கடைசியில்.

"இல்ல."

"அப்ப இந்தக் கோட்டு?"

அந்தக் கேள்வியில் அவர் குரல் இறங்கிவிட்டது. சிவபாண்டியின் நாக்கு நுனியில் பதில் இருந்தது. ஸ்டுடியோ, கோட்டு, நெகட்டிவ், பென்சில் எல்லாம் வரிசையாக நின்றன. இத்தனை வருஷம் இதைக் கேட்க ஒரு ஆள் கிடைக்காதா என்று ஏங்கியவர் அவர். ஆனால் எதிரே ஒரு மனுஷர், கோட்டைப் பறிகொடுக்கப் போகிறவர் மாதிரி, நெஞ்சுக்கு நேரே கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"அந்தக் காலத்துல இந்தப் பக்கம் கோட்டு வச்சிருந்தது யாருண்ணே?" என்றார் சிவபாண்டி. "உங்க தாத்தா ஒருத்தர்தான? படம் எடுக்கப் போன எடத்துல ஸ்டுடியோக்காரன் ஆசைப்பட்டுக் கேட்டிருப்பான். இவரும் கழட்டிக் குடுத்துட்டு வந்திருப்பாரு. அப்புறம் வந்த அம்புட்டுப் பேரும் உங்க தாத்தா கோட்டப் போட்டுத்தான் உக்காந்திருக்கான்."

பாண்டிச்செல்வி கணவரைத் திரும்பிப் பார்த்தாள். இந்த மனுஷனுக்கா பொய் சொல்ல வராது என்று போன வாரம் வரை நினைத்தோம் என்கிற பார்வை.

அடுப்படி வாசலில் நின்ற சீனியம்மாள் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, "அப்படித்தான் இருக்கும்" என்று உறுதியாகச் சொன்னாள்.

"எங்க தாத்தா அப்படிப்பட்ட ஆளுதான்" என்றார் சுருளி, கட்டியிருந்த கையைப் பிரித்தபடி. "யாராச்சும் கேட்டா இடுப்பு வேட்டியக்கூட அவுத்துக் குடுத்துட்டு வந்திருவாரு."

பிறகு, கொடிக்காலைக் காட்டுகிறேன் என்று சிவபாண்டியை மட்டும் கூட்டிக்கொண்டு போனார். அகத்தி மரங்களில் ஏறிய கொடிகளுக்கு நடுவே ஈரமாகக் குளிர்ந்தது. சுருளி ஒரு வெற்றிலையைக் கிள்ளிக் காம்பை ஒடித்தார். உடனே வாயில் போடவில்லை.

"அந்தக் கோட்டுல ஒரு பட்டன் இருக்காது. பொடிப்பயலா இருக்கும்போதே பாத்திருக்கேன். எங்க தாத்தா கட்டு செட்டான ஆளு. சொந்தக் கோட்டுன்னா அப்படி விட்டிருக்க மாட்டாரு." சிரித்தார். "எங்க அப்பாகிட்ட ஒரு தடவ கேட்டேன். முதுகுல ஒண்ணு வச்சாரு. அதுக்கப்புறம் நான் யாருட்டயும் கேக்கல. நீங்களும் சொல்லாதீங்க."

சிவபாண்டி தலையாட்டியதும் சுருளி ஒடித்த காம்பைக் கீழே போட்டார்.

"கோட்டுப் போனது எனக்குப் பெருசு இல்ல. காளைத் தாத்தா வீட்டாளுக கெடச்சுட்டாகன்னு இந்த ஒரு வாரமா நான் தரையில நடக்கல. எங்க அப்பா தேடித் தேடிக் கெடைக்காத ஆளுக. அதான் மனசு கெடந்து அடிச்சுக்குது மச்சான்."

மச்சான். அந்தச் சொல் கொடிக்கால் ஈரத்தில் எத்தனை சுகமாக விழுந்தது. சிவபாண்டிக்கு அங்கேயே உட்கார்ந்து அழலாம் போலிருந்தது. ஆனால் எதிரே நிற்கிறவரின் நஷ்டமும் அதே சொல்லில்தான் இருந்தது. ஒரு மச்சான் கிடைத்ததில் ஒரு தம்பி போய்விட்டான்.

"நான் பழைய படம் தேடுறவன் மச்சான்" என்றார். "தெற்க எந்த ஊருல, எந்தக் கடையில கட்டு வந்தாலும் பாத்துருவேன். காளைத் தாத்தாவும் என்னைக்காச்சும் ஒரு படம் எடுத்திருப்பாரு. உங்க காத வச்சே கண்டுபிடிச்சிரலாம்."

சுருளி அவரை ஏற இறங்கப் பார்த்தார். "அடுத்த வீட்டுத் தாத்தாவ விலைக்கு வாங்குற ஆளு இருக்கத்தான் செய்றாக" என்று சொல்லிவிட்டு வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டார்.

தை மாதம் கல்யாணம். முதல் நாள் மாலை ரிசப்ஷன். சூரியபிரகாஷ் நீலக் கோட்டும் சூட்டுமாக மேடைக்கு வந்தான். மதுரையில் ஒரு வாடகைக் கடையில் எடுத்தது. கை கொஞ்சம் நீளம். முதுகுப் பக்கம் இரண்டு ஊக்குக் குத்தி இறுக்கியிருந்தார்கள். மண்டபத்து வாசலில் நின்று வருகிறவர்களிடமெல்லாம் சுருளி மகனைக் காட்டி, "பரம்பரையா வாரது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லும்போது சிவபாண்டியைப் பார்த்து ஒரு கண்ணை மட்டும் சிமிட்டினார்.

வீடியோக்காரர்களும் டிரோன்காரரும் நகர்ந்ததும் இசைவாணி மேடையிலிருந்து அப்பாவைக் கைகாட்டிக் கூப்பிட்டாள். மூன்று மாதமாகத் தேடி ஒரு பிலிம் சுருள் வாங்கி வைத்திருந்தார் அவர். கேமராவைக் காணோமே என்று பையைத் துழாவும்போது பாண்டிச்செல்வி பட்டுச் சேலை சரசரக்க ஜெர்மன் கேமராவைக் கொண்டுவந்து நீட்டினாள். சிவபாண்டி முதலில் லென்ஸைத்தான் பார்த்தார். இரண்டு கண்களும் பளிச்சென்று இருந்தன. அவற்றுக்கு மேலே, மூடியின் கறுப்புத் தோலில், நடுவாக ஒரு சந்தனப் பொட்டு, அதன்மேல் குங்குமம்.

"பயப்படாதீங்க" என்றாள். "நெத்தி எங்க இருக்குன்னு இப்பக் கண்டுபிடிச்சிட்டேன்."